லிமிட் ஒமாஹா ஹை-லோ: ஃப்ளாப்புக்கு முன் ரெய்ஸ் செய்வது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிங்கப்பூரின் செங்காங்கில் எங்கள் வீவக அடுக்குமாடி வீட்டுச் சாப்பாட்டு மேசையில் சனிக்கிழமை இரவானால் சீட்டுக்கட்டு இறங்கிவிடும். ஆடுவது ஒமாஹா ஹை-லோ என்ற போக்கர் வகை. ஏழு பேர் இருப்போம், சில வாரம் ஒன்பது பேர். சீட்டைப் பார்க்கும் முன்பே இருவர் கட்டாயமாக வைக்கும் பிளைண்ட் 10 காசும் (சின்ன பிளைண்ட்) 20 காசும் (பிக் பிளைண்ட்). முதல் இரண்டு சுற்றில் பந்தயம் 20 காசு, அடுத்த இரண்டு சுற்றில் 40 காசு. பந்தயத்தை ஏற்றுவது ரெய்ஸ், ஏற்றாமல் சமமாகக் காசு போடுவது கால். ஒரு சுற்றில் ஒரு பந்தயம், அதன் மேல் மூன்று ரெய்ஸ், அதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். அதனால்தான் இதற்கு ‘லிமிட்’ என்று பெயர்.

புதிதாக வருகிறவர்களில் பெரும்பாலோர் ஹோல்டெம் (கையில் இரண்டே சீட்டு வரும் போக்கர்) பழகியவர்கள். இரண்டு வாரம் ஆடியதும் எல்லாருக்கும் ஒரே சந்தேகம் வருகிறது: பொதுச் சீட்டு விழும் முன்னால் எந்தக் கைக்கு ரெய்ஸ் செய்வது? தே தாரிக் ஆறுவதற்குள் சொல்லி முடிகிற பதில் இல்லை. அதனால் எழுதி வைத்தேன். கேள்விகளைக் கேட்டவர்கள் வாயில் வந்தபடியே விட்டிருக்கிறேன்.

அண்ணே, முதல்ல இது ஹோல்டெம்மிலிருந்து எங்கே மாறுதுன்னு சொல்லுங்க.

கையில் நான்கு சீட்டு வரும். மேசையில் ஐந்து பொதுச் சீட்டு: முதலில் மூன்று (ஃப்ளாப்), பிறகு ஒன்று (டர்ன்), கடைசியாக ஒன்று (ரிவர்). ஃப்ளாப்புக்கு முன் ஒரு பந்தயச் சுற்று, இவை ஒவ்வொன்றுக்கும் பின் ஒரு சுற்று. கையிலிருந்து சரியாக இரண்டு, மேசையிலிருந்து சரியாக மூன்று எடுத்துத்தான் ஐந்தாக்க வேண்டும். மேசையில் நான்கு இஸ்பேட்டு விழுந்து, உங்கள் கையில் ஒரே ஓர் இஸ்பேட்டு ஏஸ் இருந்தால் அது ஃப்ளஷ் (ஐந்தும் ஒரே இனம்) ஆகாது. இந்த ஒரு விதியை மறந்து காசைத் தள்ளிவிட்டு, பிறகு சீட்டைத் திருப்பிக் காட்டி முழித்தவர்கள் எங்கள் மேசையில் நிறையப் பேர்.

பாட் (நடுவில் சேரும் பந்தயக் காசு) இரண்டாகப் பிரியும். பாதி உயர்ந்த கைக்கு (ஹை), பாதி தாழ்ந்த கைக்கு (லோ). லோ என்றால் எட்டுக்கு மேற்படாத, ஒன்றுக்கொன்று வேறான ஐந்து எண்கள். ஏஸ் இங்கே ஒன்று. ஸ்ட்ரெய்ட் (வரிசையாக ஐந்து எண்கள்), ஃப்ளஷ் ஆனாலும் லோவுக்குக் கெடுதல் இல்லை, ஆகவே ஏஸ்-2-3-4-5 தான் இருப்பதிலேயே சிறந்த லோ. ஹைக்கு இரண்டு சீட்டும் லோவுக்கு வேறு இரண்டு சீட்டும் எடுத்துக்கொள்ளலாம். யாருக்கும் லோ அமையாவிட்டால் முழுப் பாட்டும் ஹைக்கே. மேசையில் எட்டுக்குள் மூன்று வேறு எண்கள் விழுந்தால்தான் லோவுக்கே வழி உண்டு. அப்படி விழுவது நூற்றுக்கு ஏறத்தாழ அறுபது முறை.

இரண்டு பாதியையும் ஒருவரே அள்ளுவதை ‘ஸ்கூப்’ என்கிறோம். கீழே வரும் பதில்கள் எல்லாமே அந்தச் சொல்லைச் சுற்றித்தான் இருக்கும்.

வீட்ல காசு வெச்சு ஆடினா மாட்டிக்க மாட்டோமா?

2022 ஆகஸ்ட் 1 முதல் நடப்பில் இருக்கும் சூதாட்டக் கட்டுப்பாட்டுச் சட்டம், வீட்டில் குடும்பத்தாரும் நண்பர்களும் நேரில் உட்கார்ந்து ஆடுவதை அனுமதிக்கிறது. ஆனால் அது வியாபாரமாக இருக்கக்கூடாது. ஜெயிக்கிற காசைத் தவிர வேறு லாபம் யாருக்கும் போகக்கூடாது. வீட்டுக்காரர் பாட்டிலிருந்து ‘மேசைக் காசு’ என்று பத்துக் காசு எடுத்தாலும் கதை மாறிவிடும். ஆகவே எங்கள் வீட்டில் முறுக்கும் கோப்பியும் என் செலவு. அதே நண்பர்கள் அவரவர் வீட்டிலிருந்து இணையத்தில் காசு வைத்து ஆடுவதற்கு இந்த விலக்கு கிடையாது.

சூதாட்டக்கூடத்துக்குப் போக வேண்டுமென்றால் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் நாளுக்கு 150 வெள்ளி நுழைவுக் கட்டணம் கட்ட வேண்டும். 20 காசு ஆட்டக்காரனுக்கு அது 750 பந்தயம். உள்ளே போகும் முன்பே தோற்றாயிற்று.

சரி, நல்ல கைன்னா எது? ஏஸ்-2 இருந்தா போதுமா?

போதாது. நான்கு சீட்டும் ஒன்றுக்கொன்று கைகொடுக்க வேண்டும். ஏஸ்-ஏஸ்-2-3, அதிலும் இரண்டு ஏஸும் தன்தன் இனத்துச் சின்னச் சீட்டோடு ஜோடி சேர்ந்திருந்தால் (டபுள் சூட்டட்), அதற்கு மேல் கை கிடையாது. அடுத்து ஏஸ்-2-3 உடன் இன்னொரு நல்ல சீட்டு, ஏஸ்-ஏஸ்-2 உடன் எதுவானாலும், பிறகு ஏஸுக்கு இனத்துணை (அதே இனத்தில் இன்னொரு சீட்டு) உள்ள ஏஸ்-2-ராஜா-ராணி போன்றவை. மூன்றாவது சின்னச் சீட்டு ஏன் முக்கியம் என்றால், மேசையில் ஒரு 2 விழுந்தால் உங்கள் 2 செத்துவிடும். கையில் 3 இருந்தால் ஏஸ்-3 அந்த இடத்துக்கு வந்து நிற்கும்.

ஒரு கணக்கு சொல்கிறேன். கையில் ஏஸ்-2 உடன் இரண்டு பெரிய சீட்டு இருந்தால் கடைசியில் லோ அமைவது நூற்றுக்கு 36 முறை சொச்சம். அதாவது மூன்றில் இரண்டு முறை உங்கள் ஏஸ்-2 லோவே ஆகாது. நான்குமே வேறு வேறு சின்னச் சீட்டானால் அது 49 வரை ஏறும்.

ஏஸ்-2 பாத்ததும் ரெய்ஸ் அடிச்சிடலாமா?

இதைத்தான் அதிகம் பேர் கேட்கிறார்கள். அதிகம் பேர் காசு விடுவதும் இங்கேதான்.

போன தீபாவளிக்கு முந்தின சனிக்கிழமை எனக்கு ஏஸ்-2-9-குலாம் வந்தது, நான்கும் நான்கு இனம். முதல் ஆளாக ரெய்ஸ் செய்தேன். மூன்று பேர் விடவில்லை. ரெய்ஸுக்கு மேல் ரெய்ஸாகி ஆளுக்கு 80 காசு உள்ளே போயிற்று. மேசையில் 3, 6, 8, ராஜா, 10 விழுந்தன. அதில் மூன்று கிளாவர். எனக்கு இதைவிடச் சிறந்த லோ இருக்கவே முடியாது. ஃப்ளாப்பில் 40, டர்னில் 80, ரிவரில் 40 காசு என்று மார்தட்டிக்கொண்டு போட்டேன். மொத்தம் நான் போட்டது 2 வெள்ளி 40 காசு. பாட்டில் 9 வெள்ளி 60 காசு. சீட்டைத் திருப்பினால் இன்னும் இருவரிடமும் ஏஸ்-2! நான்காமவர் கிளாவர் ஃப்ளஷ்ஷோடு 4 வெள்ளி 80 காசைத் தூக்கிக்கொண்டார். மிச்சப் பாதியை மூன்றாகப் பிரித்ததில் எனக்கு 1 வெள்ளி 60 காசு. வெல்ல முடியாத லோவை வைத்துக்கொண்டு 80 காசு நஷ்டம்.

மூவர் சேர்வது அபூர்வம், இருவர் சேர்வது அபூர்வமில்லை. ஒன்பது பேர் மேசையில் உங்களிடம் ஏஸ்-2 இருக்கும்போது வேறு ஒருவரிடமாவது ஏஸ்-2 இருப்பது ஏறத்தாழ மூன்று முறைக்கு ஒரு முறை. அப்போது லோவில் உங்களுக்கு வருவது பாட்டில் நாலில் ஒரு பங்கு. மூன்று பேர் ஆளுக்கு 40 காசு போட்டால் 1 வெள்ளி 20 காசு. உங்கள் பங்கு 30 காசு. ஒவ்வொரு பந்தயத்துக்கும் 10 காசு கரைகிறது. ‘கால்’ பண்ணிப் பண்ணிக் கால் பங்கு வாங்கியவர் என்று எங்கள் வட்டத்தில் ஒருவருக்குப் பட்டப்பெயரே உண்டு. (நான்தான்.)

அதனால் என் வழக்கம் இது. ஏஸ்-2 உடன் ஹைக்கும் ஏதாவது வழி இருக்க வேண்டும்: ஏஸின் இனத்தில் இன்னொரு சீட்டு, அல்லது இன்னொரு ஏஸ், அல்லது ராஜா ராணி, அல்லது 3. இருந்தால் ரெய்ஸ். இல்லாமல் மொட்டையாக ஏஸ்-2 மட்டும் என்றால் கால் செய்து மலிவாக உள்ளே போவேன். அதைத் தூக்கியெறியச் சொல்லவில்லை. அதற்கு விலை ஏற்றாதீர்கள் என்கிறேன்.

ரெய்ஸ் பண்ணா ஆளுங்க ஓடிடுவாங்க இல்ல? நல்ல கை இருக்கும்போது ஏன் விரட்டணும்?

எந்த இடத்திலிருந்து செய்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. முன் இடத்தில் (முதலில் பேச வேண்டிய இருக்கையில்) முதல் ஆளாக ரெய்ஸ் செய்தால் பின்னால் இருப்பவர்கள் 20க்குப் பதில் 40 காசு கொடுத்து நுழைய வேண்டும். ஓரளவு யோசிப்பவர்கள் விட்டுவிடுவார்கள். நான்கு பேர் ஏற்கெனவே 20 காசு போட்டு நுழைந்த பிறகு கடைசி இடத்திலிருந்து ரெய்ஸ் செய்தால் ஒருவரும் நகர மாட்டார்கள். இன்னும் 20 காசுதானே என்று போட்டுவிடுவார்கள். முதலாவது ஆளைக் குறைக்கும், இரண்டாவது பாட்டைப் பெருக்கும். கை ஒன்றே ஆனாலும் வேலை வேறு.

ஆகவே சில்லைத் தொடும் முன் ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்: இந்தக் கைக்கு எனக்கு வேண்டியது ஆட்கள் குறைவதா, காசு கூடுவதா? ஏஸ்-2-3-ராஜா, ஏஸுக்கு இனத்துணை உண்டு என்றால் கூட்டம் இருக்கட்டும், காசு கூடட்டும். அந்தக் கை முன் இடத்தில் வந்தால் நான் சில நேரம் கால் மட்டும் செய்து, பின்னால் யாராவது ரெய்ஸ் செய்தால் திரும்ப ரெய்ஸ் செய்வேன். எங்கள் மேசையில் பின்னால் இருப்பவர்களுக்குக் கை அரிக்கும், அதனால் இது பலிக்கிறது. அமைதியான மேசையில் பலிக்காது. அங்கே நேராக ரெய்ஸ்தான்.

ரெண்டு ஏஸ் வந்தும் கால் மட்டும் பண்றீங்களே, பயமா?

ஹோல்டெம் புத்தி இது. அங்கே இரண்டு ஏஸ் என்றால் கண்ணை மூடிக்கொண்டு ரெய்ஸ். இங்கே எதிரி ஒவ்வொருவரிடமும் நான்கு சீட்டு, அதிலிருந்து இரண்டிரண்டாக எடுக்க ஆறு வழி. ஏழு பேர் உள்ளே இருந்தால் வெறும் இரண்டு ஏஸ் கடைசி வரை தாங்காது. இரண்டு ஜோடியோ ஸ்ட்ரெய்ட்டோ யாருக்காவது அமைந்துவிடும்.

ஏஸ்-ஏஸ்-9-6, இனத்துணை ஒன்றும் இல்லை என்று வையுங்கள். யாரும் நுழையும் முன் என் முறை வந்தால் ரெய்ஸ் செய்வேன். ஒருவர் இருவரோடு மட்டும் போனால் இந்தக் கை அருமையானது. நான்கு பேர் ஏற்கெனவே நுழைந்துவிட்டால் கால் மட்டும், ஏனென்றால் மேலே சொன்னபடி இனி யாரையும் விரட்ட முடியாது. இதிலேயே ஒரு 2 அல்லது 3 இருந்து, ஏஸுக்கு இனத்துணையும் இருந்தால் எந்த இடத்திலும் எத்தனை பேர் இருந்தாலும் ரெய்ஸ்.

மூன்று ஏஸ் வந்ததென்று ஒரு தம்பி குதித்தான். கையிலிருந்து இரண்டுதானே எடுக்க முடியும்! மூன்றாவது ஏஸ் உங்கள் கையிலேயே சிறைப்பட்டுக் கிடக்கிறது. அது மேசையில் விழுந்திருந்தால் உங்களுக்கு லாபம், இனி விழ வழியில்லை.

ராஜா-ராணி-குலாம்-10 வருது. லோவே கிடையாது. விட்டுடவா?

விடாதீர்கள். நிறையப் பேர் நுழைந்திருக்கும் பாட்டில் இது நல்ல கை. நுழைந்தவர்கள் எல்லாரும் சின்னச் சீட்டை வைத்துக்கொண்டுதான் நுழைந்திருப்பார்கள், ஆக மிச்சக் கட்டில் பெரிய சீட்டு அதிகம். மேசையில் சின்னச் சீட்டு மூன்று விழாவிட்டால் முழுப் பாட்டும் உங்களுக்கு வர வாய்ப்புண்டு. இந்தக் கையின் பெரிய அழகு அதை விடுவது சுலபம் என்பது. ஃப்ளாப்பில் 2-5-7 விழுந்தால் கீழே வைத்துவிட்டு முறுக்கு எடுக்கப் போகலாம்.

விடுவது சுலபம் என்பதாலேயே நுழைவதும் மலிவாக இருக்க வேண்டும். முன் இடத்தில் ரெய்ஸ் செய்து ஆட்களைக் குறைத்தால் மேலே சொன்ன அனுகூலத்தை நீங்களே கெடுத்துக்கொள்கிறீர்கள். கால் செய்யுங்கள். ஐந்தாறு பேர் நுழைந்த பிறகு கடைசி இடத்தில், டபுள் சூட்டட்டாக இருந்தால் நான் ரெய்ஸ் செய்வதுண்டு. வேண்டாம் என்பவர்களோடு சண்டை போட மாட்டேன்.

6-7-8-9? அழகா வரிசையா இருக்கே!

அழகுதான். குப்பை. இதில் ஸ்ட்ரெய்ட் அமையும்போது மேசையில் பெரும்பாலும் சின்னச் சீட்டு இருக்கும், பாதி லோவுக்குப் போய்விடும். உங்கள் லோ ஆகக் கடைசி லோ. சில நேரம் உங்கள் ஸ்ட்ரெய்ட்டுக்கு மேல் இன்னொரு ஸ்ட்ரெய்ட். ரெய்ஸை விடுங்கள், காலே வேண்டாம்.

பாட் பெருசானா ஜெயிக்கும்போது நமக்குத்தானே லாபம்? அப்புறம் ஏன் யோசிக்கணும்?

பாட் பெரிதானால் மற்றவர்கள் துரத்துவதும் நியாயமாகிவிடும். இதைக் காசாகவே பார்ப்போம்.

ஆறு பேர், ரெய்ஸ் இல்லை: பாட்டில் 1 வெள்ளி 20 காசு. ஃப்ளாப்பில் நீங்கள் 20 காசு போட்டால் 1 வெள்ளி 40 காசு. அடுத்தவர் 20 காசு கொடுத்து அதற்குப் போட்டியிடுகிறார், ஒன்றுக்கு ஏழு. அவருக்கு நடுவில் ஒரு எண் விழுந்தால்தான் ஸ்ட்ரெய்ட், அந்த எண்ணில் நான்கு சீட்டு. அவர் கண்ணில் படாதவை 45 சீட்டு. அதில் 4 நல்லவை, 41 கெட்டவை. ஒன்றுக்குப் பத்துக்கு மேல் கிடைத்தால்தான் துரத்தலாம். ஏழுக்குத் துரத்தினால் அவர் செய்வது தப்பு, உங்களுக்கு லாபம்.

இப்போது அதே ஆறு பேர், நீங்கள் முன்னாலேயே ரெய்ஸ் செய்திருந்தீர்கள்: பாட்டில் 2 வெள்ளி 40 காசு. நீங்கள் 20 போட்டால் 2 வெள்ளி 60 காசு. ஒன்றுக்குப் பதின்மூன்று. அவர் துரத்துவது இப்போது தப்பில்லை. லோ வந்தால் அவருக்குப் பாதிதான் என்பதால் கணக்கு இத்தனை சுத்தமாக இருக்காது, ஆனாலும் போக்கு இதுதான். லிமிட் ஆட்டத்தில் பந்தயம் கூடாது, பாட் மட்டும் கூடும். ஆகவே ஃப்ளாப்புக்கு முன் ரெய்ஸ் செய்தால் ஃப்ளாப்புக்குப் பின் ஆட்களைத் தள்ளும் பலம் குறையும். கூட்டத்தை எதிர்த்துத் தாங்கும் கைக்கு இது கவலையில்லை. ஏஸ்-ஏஸ்-9-6 போன்ற கைக்கு இதுவே கால்விலங்கு.

கடைசி இடத்துல இருக்கேன், எல்லாரும் விட்டுட்டாங்க. பிளைண்டைத் தூக்க ரெய்ஸ் பண்ணவா?

செய்யுங்கள், ஆனால் பிளைண்ட் உடனே கிடைத்துவிடும் என்று நம்பாதீர்கள். நீங்கள் 40 வைத்ததும் பாட்டில் 70 காசு. பிக் பிளைண்டுக்காரர் 20 போட்டால் போதும். நான்கு சீட்டு கையில் வைத்துக்கொண்டு அந்த விலைக்கு யார் விடுவார்? எங்கள் மேசையில் யாரும் விட்டதில்லை.

கிடைக்கிற லாபம் வேறு. பிந்திய மூன்று சுற்றிலும் நீங்கள் கடைசியாகப் பேசுவீர்கள், எதிரே ஒருவர் அல்லது இருவர்தான். அதற்கு நான்கும் ஒழுங்காக இருக்க வேண்டிய அவசியமில்லை. ஓர் ஏஸும் ஒரு சின்னச் சீட்டும் இனத்துணையும், அல்லது ஒரு பெரிய ஜோடியும் துணைச் சீட்டும் போதும்.

எனக்கு முன்னாடியே ஒருத்தர் ரெய்ஸ். நான் அதுக்கு மேல ரெய்ஸ் பண்ணலாமா?

ரெய்ஸ் செய்தவர் யார்? எதிர்வீட்டு அக்கா இரவு முழுக்க இரண்டு தடவைதான் ரெய்ஸ் செய்வார். அவர் செய்தால் ஏஸ்-2 அல்லது இரண்டு ஏஸ் நிச்சயம். அவருக்கு எதிராக ஏஸ்-2-9-குலாமை வைத்துத் திரும்ப ரெய்ஸ் செய்தால், நானே என் தீபாவளிக் கதையைத் திரும்ப எழுதுகிறேன். பெரிய சீட்டாக ராஜா-ராணி-குலாம்-10 இருந்தால் அவரோடு போகலாம், ஏனென்றால் அவர் சீட்டும் என் சீட்டும் மோதிக்கொள்ளாது.

ஈசூனிலிருந்து வரும் தம்பி மூன்று கைக்கு ஒரு ரெய்ஸ். அவனுக்கு எதிரே ஏஸ்-ஏஸ் எதுவானாலும், ஏஸ்-2 இனத்துணையோடு வந்தாலும், திரும்ப ரெய்ஸ்தான். இப்போது நுழைய விரும்புகிறவர் 60 காசு ஒரேயடியாகக் கொடுக்க வேண்டும். பிளைண்ட் இரண்டும் விட்டுவிட்டால் அந்த 30 காசு அநாதைக் காசு, அதற்காக நானும் தம்பியும் மட்டும் ஆடுகிறோம்.

நான் பிக் பிளைண்ட். ஆறு பேர் நுழைஞ்சாச்சு. இங்கேருந்து ரெய்ஸ் பண்ணா முட்டாள்தனமா?

ஃப்ளாப்புக்குப் பிறகு நீங்கள் முன்னால் பேச வேண்டியிருக்கும், அது பாதகம். ஆனாலும் ஏஸ்-ஏஸ்-2-3, ஏஸ்-2-3 இனத்துணையோடு என்றால் ரெய்ஸ் செய்துவிடுங்கள். ஆறு பேர் ஆளுக்கு 20 காசு கூடப் போடுவார்கள், உங்கள் பங்கு அதில் ஏழில் ஒன்றுக்கு மேல். வேறு எதற்கும் காசு கூட்டாமல் மேசையைத் தட்டிவிட்டு ஃப்ளாப்பை இலவசமாகப் பாருங்கள்.

நல்ல கைக்கு மட்டும் ரெய்ஸ் பண்ணா எல்லாருக்கும் தெரிஞ்சிடாதா?

தெரியும். தெரிந்து என்ன செய்வார்கள்? எங்கள் மேசையில் பாதிப் பேர் தங்கள் சீட்டைத் தவிர வேறெதையும் பார்ப்பதில்லை. கவனிக்கிறவர்கள் நான்கைந்து பேர் இருந்தால், கடைசி இடத்தில் ரெய்ஸ் செய்யும் கைகளைக் கொஞ்சம் அகலமாக்குங்கள்; ராஜா-ராணி-குலாம்-10 டபுள் சூட்டட்டை அதற்காகவே வைத்திருக்கிறேன். ஒருமுறை அதைக் காட்டிவிட்டால், அடுத்த ஒரு மணி நேரம் என் ரெய்ஸ் எல்லாம் ஏஸ்-2 என்று எவராலும் சொல்ல முடியாது. 6-7-8-9ஐ வைத்து ஏமாற்றப் போகாதீர்கள். யாரும் ஏமாற மாட்டார்கள், காசுதான் போகும்.

கடைசி ரயிலுக்கு ஆளுங்க கிளம்பிட்டாங்க, நாலு பேர்தான் மிச்சம். இப்பவும் இதே கணக்கா?

இல்லை, நிறைய மாறும். ஒருவருக்கு ஒருவர் ஆடும்போது லோவை மட்டும் ஜெயித்தால் நீங்கள் போட்ட காசுதான் திரும்பி வரும், லாபம் ஏதுமில்லை. ஆகவே ஹை பாதிக்கு மதிப்பு ஏறுகிறது. ஏஸ்-ஏஸ் எது சேர்ந்து வந்தாலும் ரெய்ஸ். ராஜா-ராஜா உடன் ஓர் ஏஸ், ரெய்ஸ். ஏஸ்-3, ஏஸ்-4 உடன் ஒரு பெரிய ஜோடி, அதுவும் ரெய்ஸ். கூட்டத்தில் மலிவாக உள்ளே நுழைந்த மொட்டை ஏஸ்-2 இங்கேயும் சாதாரண ஆள்தான். ஆனால் எதிரே இருப்பவரிடமும் ஏஸ்-2 இருக்கும் பயம் குறைவு என்பதால் அதையும் முதல் ஆளாக ரெய்ஸ் செய்யலாம்.

பிளைண்டும் நான்கு கைக்கு ஒருமுறை உங்கள் வாசலுக்கு வந்துவிடும், ஏஸ்-2-3 வரட்டும் என்று காத்திருக்க நேரமில்லை. ஏஸ்-2 வருவதே பதினாறு கைக்கு ஒருமுறைதான். அதற்குள் நான்கு பிக் பிளைண்ட், நான்கு சின்ன பிளைண்ட், 1 வெள்ளி 20 காசு போயிருக்கும்.